சிவப்பு மையில் எழுதிய அட்டை

கூண்டில் தொங்கிய அட்டையில் ‘ஸ்லோ’ என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்தில், சிவப்பு மார்க்கரில், கொட்டை எழுத்தில். உள்ளே நின்றவன் நான் இரண்டரை மாதம் என் வீட்டில் வைத்து வளர்த்த நாய். தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே பொறுப்பாளரைத் தேடிப் போனேன்.

கோத்தா திங்கி சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் காப்பகம். யாராவது தத்தெடுக்கும் வரை குட்டிகளை வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுக்கும் தொண்டர்களில் நானும் ஒருத்தி. மாசாயில் எங்களுடையது சின்ன வரிசை வீடு. ஒரு சமயத்தில் ஒரு குட்டிதான் முடியும். மூன்று தடுப்பூசியும் முடிந்து, வெளியே போய்த்தான் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்ததும் அனுப்பிவிடுவேன். பெயர் வைப்பதில்லை. வைத்தால் விட்டுக்கொடுக்க மனம் வராது. இவனையும் ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டேன்.

இதுவரை என் வீட்டுக்கு வந்தவற்றில் இவன்தான் கெட்டிக்காரன். இடது காது நுனி கிழிந்த பழுப்புக் குட்டி. ‘உக்காரு’ என்றால் உட்காருவான். ‘இரு’ என்றால் சோற்றுத் தட்டுக்கு முன்னால் எச்சில் ஒழுக ஒழுகக் காத்திருப்பான். ‘வேணாம்’ என்றால் கவ்விய செருப்பைக் கீழே போட்டுவிட்டு, கவ்வியது அவன் இல்லை என்பது போல வேறு பக்கம் பார்ப்பான். அவனுக்குப் போய் மந்தம் என்று அட்டை.

“யாரும்மா இத எழுதுனது?” என்று கேட்டேன். பொறுப்பாளர் என்னைவிட இருபது வயது இளையவள். நல்ல பெண்தான்.

“நான்தான்க்கா. கூட்டிட்டுப் போனவங்க ஒம்பது நாள்ல திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. எதுவும் புரிய மாட்டேங்குதாம். காது கேக்கலயோன்னு சந்தேகப்பட்டாங்க.”

“நீ சோதிச்சுப் பாத்தியா?”

“பாத்தேன்க்கா. சிட், சிட்னு பத்து தரம் சொன்னேன். சும்மா என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறான்.”

விஷயம் அந்தப் பதிலிலேயே இருந்தது. ஆத்திரத்தில் அது என் காதில் விழவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்த அட்டை மாட்டிய நாய்கள் கடைசி வரிசைக் கூண்டுக்குப் போகும். தத்தெடுக்க வருகிறவர்கள் முன் வரிசையைத் தாண்டி வருவதே அபூர்வம். கடைசி வரிசைக்குப் போனவை அங்கேயே கிழடு தட்டிப்போவதைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் இவனையும் அங்கே மாற்றுவதாக இருந்தார்கள்.

“அவங்க நம்பரக் குடு” என்றேன்.

கெலாங் பாத்தாவில் இருக்கும் ஒரு சீன இளைஞர் அவர். ஆங்கிலத்திலும் மலாயிலும் எனக்குத் தெரிந்த கடுமையான சொற்களையெல்லாம் தேடிப் பிடித்துப் பேசினேன். நாய் என்ன கடையில் வாங்கிய மின்விசிறியா, சுற்றவில்லை என்று திருப்பிக் கொடுக்க? ஒன்பது நாளில் உங்களை வேலையிலிருந்து நிறுத்தினால் ஒப்புக்கொள்வீர்களா? நான் மூச்சு வாங்கிய இடைவெளியில், “ஆண்ட்டி, நாயோடு நீங்கள் கொடுத்த பாரத்தில் எழுதியிருந்ததைத்தானே நானும் சொன்னேன். சிட், கம், ஸ்டே, நோ. ஒன்பது நாளும் அதையேதான் சொன்னேன்” என்றார்.

ஃபோனைக் காதில் வைத்தபடியே அலுவலகத்துக்குள் போய்க் கோப்பைத் திறக்கச் சொன்னேன். குட்டியை ஒப்படைத்தபோது நான் நிரப்பிய பாரம் அதில் இருந்தது. தெரிந்த கட்டளைகள் என்ன என்று ஆங்கிலத்தில் அச்சடித்த கேள்வி. அதற்கு எதிரே என் கையெழுத்தில், அழகாக, நான்கு ஆங்கிலச் சொற்கள்.

எங்களுக்கெல்லாம் கையில் ஊறிப்போன பழக்கம் இது. வாய் நாள் முழுக்கத் தமிழில் பேசும். பாரத்தைக் கண்டால் கை தானாக மொழிபெயர்த்துவிடும். அவனுக்கு என்ன தெரியும் என்று எழுதச் சொன்னால், எனக்கு என்ன தெரியும் என்று எழுதி வைத்திருக்கிறேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் நான் செய்தது, அட்டை அவன் கூண்டில்.

கூண்டுக்கு முன்னால் போய் நின்று, “டேய், உக்காரு” என்றேன். உட்கார்ந்தான். பொறுப்பாளர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. அந்தக் கோபம் அன்றைக்குப் புதிதாக வந்ததுமில்லை.

ஏழு வயதில் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தோம். பக்கத்தில் இருந்தது மலாய்ப் பள்ளிதான் என்று அதில் சேர்த்தார்கள். முதல் நாள் ஆசிரியை ‘டுடுக்’ என்றார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் நின்றேன். என்னைப் பார்த்து மறுபடி, இன்னும் சத்தமாக, ‘டுடுக்’ என்றார். அது என் பெயரைத் தப்பாகக் கூப்பிடுவது என்று நினைத்து இன்னும் நேராக நின்றேன். வகுப்பே சிரித்தது. வாய்ப்பாடு பதினாறு வரை தலைகீழாக ஒப்பிக்கிற பிள்ளை நான். அந்த வருடம் முழுக்கக் கடைசி பெஞ்ச். ஆண்டு முடிவில் ரிப்போர்ட் புத்தகத்தில் சிவப்பு மையில் ‘லம்பாட்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். மந்தம் என்று அர்த்தம். அது புரியாமல் அம்மா அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். நான்காம் வகுப்பு வரை அந்தச் சொல் எனக்கு முன்பே போய் ஒவ்வொரு வகுப்பிலும் எனக்காகக் காத்திருந்தது.

ஃபோனில் அந்த இளைஞர் இன்னும் இருந்தார். “அவனுக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழ்தான் தெரியும், தப்பு என்னுடையது” என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் மறுபடி ஆரம்பித்திருப்பேன். அவர், “‘சிட்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்ல வேண்டும்?” என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியைத்தான் என் பள்ளியில் யாரும் கேட்கவில்லை. முப்பது பிள்ளைகளைப் பார்க்கிற ஆசிரியைக்கு நேரம் இல்லை என்பார்கள். கடைசி பெஞ்சுக்கு அனுப்ப நேரம் இருந்தது. சிவப்பு மையில் எழுத நேரம் இருந்தது.

மறுநாள் அந்த இளைஞரும் மனைவியும் அவனைத் திரும்பக் கூட்டிப்போக வந்தார்கள். ஒன்பது நாளில் கைவிட்டவர் மேல் எனக்கு இன்னும் வருத்தம்தான், அதை முகத்துக்கு நேராகவே சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு கூண்டுக்கு முன்னால் குந்தி, ஃபோனில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, “டேய், உக்காரு” என்றார். உச்சரிப்பு எப்படியோ இருந்தது. என் பையனுக்கு அது போதுமானதாக இருந்தது, உட்கார்ந்தான். பொறுப்பாளர் அட்டையைக் கழற்றிக் கிழித்தாள்.

“சாரிக்கா.”

“என்கிட்ட ஏன் சொல்ற, அவன்கிட்ட சொல்லு.”

அவர்கள் காரில் ஏறும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “உள்ள போ” என்றேன். போனான்.

வீட்டுக்கு வந்து அலமாரியில் சான்றிதழ்களுக்கு அடியில் கிடந்த முதலாம் வகுப்பு ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்தேன். அந்தச் சொல் அப்படியே இருந்தது, கீழே அம்மாவின் கோணல் கையெழுத்தும். பேனாவை எடுத்து அம்மாவின் எழுத்தில் படாமல் அந்தச் சொல்லை மட்டும் அடித்தேன். அழுத்தி அடித்ததில் தாள் கிழிந்துவிட்டது. கிழியட்டும்.