துருவும் பெயிண்டும்

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இதய எக்கோ ஸ்கேன் எடுக்க எனக்கு முன்னால் பதினொரு பேர். பக்கத்தில், கல்பாக்கம் கடலோர வீடுகளின் இரும்பு கேட்டுகளில் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிப்பவர்; பேசும்போதும் நாற்காலிக் கையை நகத்தால் சுரண்டினார். இருவருக்கும் இதயத் தசை பலவீனம். சுவாசிக்கும் ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் சில மூலக்கூறுகள் அளவு மீறினால் தசையை அரிக்கும், புகை அதைக் கூட்டும் என்றிருந்தார் டாக்டர். அதைத் தடுக்குமென்று நானாக வாங்கிய நான்கு டப்பா வைட்டமின் மாத்திரைகளைப் பெயிண்டரிடம் காட்டினேன். அவர் என் சட்டைப்பையிலிருந்த சிகரெட்டைப் பார்த்தார்.

"இன்னா சார், துருவ சுரண்டாம பெயிண்ட் அடிச்சிகினு கீறீங்க?"

"ஒரு நாளைக்கு மூணுதான்."

"செத்துப்போன எங்க மேஸ்திரியும் எண்ணிகினுதான் இருந்தாரு."

டோக்கன் எண்ணைச் சொல்லி அழைத்ததும் அவர் உள்ளே போனார். நான் சிகரெட் பாக்கெட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அதை அவரிடம் சொல்லக் காத்திருந்தேன். வேறு வாசல் வழியாகப் போய்விட்டதாக நர்ஸ் சொன்னார். அவருடைய எக்கோவில் என்ன வந்ததென்று யாரைக் கேட்பது? எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.