வெறுமனே விடச் சொன்ன இரண்டு பாத்திகள்

எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியை என்னைவிட இருபது வயது இளைய பிள்ளை. என்னிடம் ஒரேயோர் உதவிதான் கேட்டாள். ஆறு தக்காளிப் பாத்திகளில் நான்கிற்கு அவள் தந்த பற்றீரியாத் தூளை எருவோடு கலந்து போட வேண்டும். மற்ற இரண்டிலும் ஒன்றும் போடக்கூடாது. வேரில் முடிச்சு விழுத்திச் செடியைச் சாகடிக்கும் வட்டப்புழுவை அந்த நல்ல பற்றீரியா அடக்குகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

"அண்ணை, அந்த ரெண்டும் வாடினாலும் பேசாமல் விட்டிடுங்கோ."

"ஓம் ஓம்" என்று பெரிதாகத் தலையாட்டினேன்.

முடிவுக்காக அதிகம் காத்திருந்தவர் பக்கத்துத் தோட்டத்து அண்ணைதான். புழுவுக்குக் குறுணல் நஞ்சு தூவும் நாள்களில் அவருக்குத் தலை சுற்றும், சாப்பாடு இறங்காது.

"உன்ரை தோட்டத்திலை சரிவந்தால் நானும் உந்தச் சனியனை விட்டிடுவன்" என்றார்.

ஆனால் அந்த இரண்டு பாத்திகளும் ஒழுங்கைக் கரையில் இருந்தன. சுன்னாகம் சந்தைக்குப் போகிற சனமெல்லாம் அதால்தான் போகும். முந்திய போகம் என் செடிகள் வாடியபோது சைக்கிளை நிறுத்தித் துக்கம் விசாரித்தவர்களை நான் மறக்கவில்லை. வீண் ரோசக்காரன் நான். நட்ட மூன்றாம் நாள் விடிய எழும்பி, அந்தப் பாத்திகளுக்குக் குறுணலைத் தூவி மண்ணால் மூடினேன்.

காய் பறித்து முடிந்ததும் அந்தப் பிள்ளை ஊராரைக் கூட்டி, தூள் போட்ட பாத்திகளிலும் வெறுமனே விட்ட பாத்திகளிலும் செடிகளைப் பிடுங்கினாள். எல்லா வேரும் ஒரே மாதிரிச் சுத்தம். அவள் முகம் கறுத்துவிட்டது.

"அண்ணை, இதுக்கு ஏதும் போட்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

அத்தனை பேருக்கு முன்னால் கூசாமல் சொன்னேன். "இந்தமுறை மண்ணிலை புழுவே இல்லைப் போலை" என்று யாரோ சிரித்தார்கள். வித்தியாசம் இல்லை என்று அவள் கொப்பியில் எழுதினாள்.

முந்திய போகம் புழு தின்ற அதே மண்ணில், நஞ்சு படாத நான்கு பாத்தியும் தப்பியிருந்தன; பற்றீரியா வேலை செய்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது ஆறு பாத்திக்கும் அதையே வாங்கிப் போடுகிறேன். நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

போன கிழமை பக்கத்துத் தோட்டத்து அண்ணை மூக்கைத் துவாயால் கட்டியபடி வேலியடியில் குந்தியிருந்தார். சத்தி எடுத்திருந்தார்.

"உனக்கு மட்டும் எப்பிடியடா செடி நிக்குது? என்ன போடுறாய்?"

சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அன்றைய பொய்யும் சேர்ந்து வெளியே வரும்.

"சும்மா மாட்டெருதான் அண்ணை."

அவர் நம்பினார். மிச்சக் குறுணலைத் தூவ எழும்பிப் போனார்.