பெண்கள் பக்கத்து மிக்ஸிங்

காரைக்காலில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் வீடியோ இரண்டாகத்தான் எடுப்பார்கள். ஆண்கள் பக்கத்தை நூகு எடுப்பார். பெண்கள் பக்கத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவது அவர் மனைவி கமருன்னிசா.

எடுத்த படத்தை வெட்டி ஒட்டுகிற மிக்ஸிங் வேலைக்கும் அவள் வந்தது ஒரு சண்டையால்தான். முன்பெல்லாம் நூகு கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் மிக்ஸிங் செய்யக் கும்பகோணத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மருதாணி வைக்கிற அன்று முக்காடு விலகித் தங்கள் வீட்டுப் பெண்கள் ஆடிப்பாடியதை யாரோ ஒரு ஆள் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துத்தான் வெட்டி ஒட்டுகிறான் என்பது ஒரு கல்யாண வீட்டாருக்குத் தெரிந்துபோயிற்று. வாசலில் வந்து நின்று கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போனார்கள். 

அவர்கள் போனதும் கமருன்னிசா ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த கம்ப்யூட்டர பொம்பள ஓட்டுனா ஓடாதா?"

ஓடியது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள், இரண்டே மாதத்தில் மிக்ஸிங் கற்றுக்கொண்டாள். மாடியறையில் கம்ப்யூட்டரை வைத்துக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டாள். பெண்கள் பக்கத்துப் படம் ஓடும்போது வேற்று ஆண் யாரும் உள்ளே வரக்கூடாது. புருஷனுக்கும் அதே சட்டம்தான். தன் சொந்த ஸ்டுடியோவின் கம்ப்யூட்டரைப் பார்க்க நூகு கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அவர் அதைக் கடைத்தெருவில் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். அந்தப் பேச்சிலேயே இன்னும் நாலு கல்யாணம் வந்தது.

2006-ஆம் வருஷம், அமீர் நிஷா வீட்டில் இளைய மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மூத்த மகள் சிங்கப்பூரில். பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாததால் தங்கை கல்யாணத்துக்கு வர முடியவில்லை. அங்கிருந்து வந்திருந்த தாய்மாமன் சனிக்கிழமை திரும்புகிறார். அவர் கையில் பெண்கள் பக்கத்து டிவிடியைக் கொடுத்தனுப்பிவிட வேண்டும் என்று அமீர் நிஷா இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனாள். "எம்மவ அழுவுறா கமரு. நீ பாத்து செஞ்சு குடு."

செவ்வாய்க்கிழமை காலை, முக்கால்வாசி வேலை முடிந்திருந்த நேரத்தில், திரையில் மணப்பெண் முகத்துக்குக் குறுக்கே பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் விழுந்தன. அணைத்துப் போட்டாலும் அதே கோடுகள்தான். கோட்டுச்சேரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் யேசுராஜுக்குப் போன் செய்தாள். திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, வேறு வாங்கிப் போட வேண்டும் என்றான். மறுநாள் நூகு கும்பகோணம் போய், பழையதைவிடப் பெரிய கார்டாக, தலையில் தனிக் காற்றாடி வைத்ததாக ஒன்று வாங்கி வந்தார். வந்த கையோடு அதை மாட்டிவிட்டு பட்டனை அமுக்கினார்.

காற்றாடிகள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டன. மறுபடி அமுக்கினாலும் அதேதான். பழைய கார்டைத் திருப்பி மாட்டினால் கம்ப்யூட்டர் கோடும் கீடுமாக எழுந்து வந்தது. புதிய கார்டை மாட்டினால் எழுந்திருக்கவே இல்லை.

வியாழக்கிழமை காலை, திருவாரூரில் ஒரு வளைகாப்புக்குப் படம் எடுக்க நூகு போயாக வேண்டும். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டிக்கொண்டே அவர் பஸ் ஏறியதும், கமருன்னிசா போனை மடியில் வைத்துக்கொண்டு யேசுராஜ் சொல்லச் சொல்லச் செய்து பார்த்தாள். கார்டின் பித்தளை நிறப் பற்களை மகனின் ரப்பரால் அழித்துத் துடைத்தாள். ஓரம் தூக்கிக்கொள்ளாமல் அழுத்தி உட்கார வைத்தாள். நினைவகப் பட்டையான ரேமைக் கழற்றித் தூசி ஊதி மாட்டினாள். மானிட்டர் வயர் சரியான வாயில்தான் இருக்கிறதா என்று பார்த்தாள். எதற்கும் அது மசியவில்லை.

"கார்டே டெட்டா இருக்கும்க்கா," என்றான் யேசுராஜ். "எதுக்கும் சிபியுவ கடைக்கு அனுப்பிடுங்க. வேற கார்டு போட்டு ஓட்டிப் பாத்துடுறேன்."

"அனுப்ப முடியாது தம்பி. உள்ள ஒரு வீட்டு பொம்பளைங்க இருக்காங்க."

யேசுராஜ் சிரிக்கவில்லை. அவனுக்கு அக்காவைத் தெரியும். தான் திறந்து பார்க்க மாட்டேன், ஆனால் கடையில் நாலு பேர் வந்துபோகிற இடம், அதனால் வற்புறுத்தவும் மாட்டேன் என்றான்.

அன்று நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு வழி தோன்றியது. படம் இருப்பது ஹார்டு டிஸ்கில். அந்த டிஸ்கைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால், மிச்சப் பெட்டியை எந்தக் கடைக்கும் அனுப்பலாம்.

கேபினட்டைப் படுக்க வைத்துத் திறந்தாள். உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு டிஸ்குகள். விண்டோஸ் இருப்பது ஒன்று, கல்யாணங்கள் இருப்பது ஒன்று. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். மேலே இருப்பதுதான் என்று நினைவு. அதன் வயர்களைப் பிடுங்கித் திருகைக் கழற்றி எடுத்து, ஒரு கைக்குட்டையில் சுற்றினாள். ஆனால் மாற்றி எடுத்துவிட்டால் என்ன ஆவது? அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் கோட்டுச்சேரிக்கல்லவா போய்விடுவார்கள்? ஒரு தடவை போட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம், விண்டோஸ் வந்தால் எடுத்தது சரியான டிஸ்க் என்று பட்டனை அமுக்கினாள். புதிய கார்டு உள்ளேயே இருப்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

காற்றாடிகள் சுற்றின, நிற்கவில்லை. திரையில் எழுத்துகள் ஓடி, விண்டோஸ் வந்து நின்றது. கோடு இல்லை.

கையில் இருந்த கைக்குட்டை மூட்டையை அவள் அவிழ்த்தாள். பிறகு அணைத்துவிட்டு, டிஸ்கைத் திரும்ப மாட்டி அமுக்கினாள். சுற்றி நின்றது. கழற்றி அமுக்கினாள். வந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே நடந்ததும் போனை எடுத்தாள்.

"தம்பி, ஒரு டிஸ்க கழட்டுனா ஏந்திரிக்கிது. மாட்டுனா படுத்துக்குது. கார்டு மேல குத்தம் இல்ல. கரண்டு பத்தலையோ?"

யேசுராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. "அட, ஆமாக்கா. உங்க எஸ்எம்பிஎஸ் சின்னது. புது கார்டு ரொம்ப இழுக்கும். எல்லாருக்கும் குடுக்க அதால முடியல."

எல்லா வயர்களும் புறப்படுகிற அந்தத் தகரப் பவர் பெட்டியை அவள் குனிந்து பார்த்தாள். மூன்று வருஷமாக அது இருந்ததே அவள் கண்ணில் பட்டதில்லை. பந்தியில் ஆள் கூடிப்போனால் யாரை எழுப்புவது? யேசுராஜைக் கேட்காமலே முடிவு செய்தாள். டிவிடி ரைட்டர் வேண்டும். பழைய சிடி டிரைவும் ஃபிளாப்பியும் எதற்கு? அவற்றின் பவர் வயர்களைப் பிடுங்கிவிட்டு, கல்யாண டிஸ்கை உள்ளே வைத்து, பிஸ்மி சொல்லி அமுக்கினாள்.

எழுந்தது. கோடில்லாத முகத்தோடு மணப்பெண் திரையில் வந்ததும் கமருன்னிசா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். மாலையில் திருவாரூரிலிருந்து திரும்பிய நூகு கதவைத் தட்டினார். கடைக்காரனைத் திட்டியது வீண் என்று அவள் உள்ளிருந்தபடியே சொன்னாள். என்ன செய்தாய் என்று அவர் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். சாப்பிடும்போது சொல்கிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆண்களெல்லாம் பள்ளிவாசல் போயிருந்த நேரத்தில், அமீர் நிஷா வீட்டுக் கூடத்தில் டிவிடியைப் போட்டுப் பார்த்தார்கள். பதினைந்து பெண்கள் இருக்கும். மாப்பிள்ளையின் தங்கை பாட்டு மறந்து நாக்கைக் கடித்துக்கொண்ட இடத்தை இரண்டு தடவை ஓட்டச் சொன்னார்கள். அமீர் நிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது பிரதி தனக்கு வேண்டும் என்றாள். அந்த நாலு நாளில் மாடியறையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. கமருன்னிசா தட்டில் வைத்த வட்லாப்ப இனிப்பை நிதானமாகச் சாப்பிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை யேசுராஜ் பெரிய பவர் பெட்டியோடு வந்தான். டிஸ்க் பீரோவில் இருந்தது. அவன் பழையதைக் கழற்ற, புதியதன் வயர் எது எதற்குப் போகும் என்று பார்த்து அவளே ஒவ்வொன்றாக மாட்டினாள். கடைசித் திருகை முடுக்கிவிட்டு, அவன் பையில் இருந்த காந்தமுனைத் திருப்புளியைக் காட்டி, அது எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். யேசுராஜ் அதைத் துடைத்து அவளுக்கென்று மேசைமேல் வைத்தான். அவன் டீ குடித்துவிட்டுப் படியிறங்கும்போது, அவள் அடுத்த கல்யாணத்தின் முதல் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காகக் கேமராவில் போட்டுக்கொண்டிருந்தாள்.