மலடு என்று சொன்னாயே, சேகர்

ஊசி சேகர் போய்விட்டான். காலையில் டீக்கடையில் சொன்னார்கள்... பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டேன்.

சுங்குவார்சத்திரம் சுற்றுவட்டார மாடுகளுக்கெல்லாம் சினை ஊசி போட்டவன். இந்த ஏரியா குடித்த பாலில் பாதிக்கு அவன்தான் ஆதிமூலம். மீதிப் பாதி தண்ணீர்.

ரெண்டாயிரமாவது வருஷ வாக்கில் என்னிடம் ஒரு ஜெர்சி கிராஸ் பசு இருந்தாள். பெயர் மகாராணி. மூன்றாவது கன்று போட்டதும் அவள் கறந்த பாலைப் பார்த்து செம்பரம்பாக்கம் ஏரியே வெட்கப்பட்டதாக ஊரில் பேச்சு... பேசியது நான்தான்.

அப்போது புதிதாக வந்த ஒரு கம்பெனி கேன்டீனில் மிஞ்சிய சோறு டிரம் டிரம்மாக வரும். என் மாடு வைக்கோல் தின்கிற ஜாதியில்லை, சாம்பார் சாதம் சாப்பிடுகிற வம்சம் என்று மீசையை முறுக்கினேன்.

கொஞ்ச நாளில் தீவனத்தில் வாய் வைக்கவில்லை. விலா எலும்பு தெரிந்தது. மூச்சில் அழுகின பழ வாசனை. மாதக்கணக்கில் பருவத்துக்கும் வரவில்லை.

சேகர் வந்து, தோள் வரைக்கும் கையை விட்டுப் பார்த்தான். உள்ளே ஏதோ வட்டமேசை மாநாடு போல, அவ்வளவு நேரம்.

"ஹார்மோன் மொத்தமா அவுட்டுணா. இனிமே சினை புடிக்காது. குடுத்துடு."

"மலடாடா?"

"மலடுதாங்ணா."

என் மகள் காதுகுத்துக்குப் பந்தி பரிமாறியவன். அவன் சொன்னால் எனக்கு வேறு டாக்டர் எதற்கு? தரகரையும் அவனே கூட்டி வந்தான். அன்று நான் அழுததில் ஒரகடம் ரோடு ஒரு வாரம் ஈரம்.

அடுத்த வருஷம் சேரப்பணஞ்சேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பக்கத்தில்தான் சேகருடைய மச்சான் வீடு. கொல்லையில் மகாராணி... கொழுகொழுவென்று, நிறைசினையாக. என்னைப் பார்த்துக் கத்தினாள்.

சேகரும் அங்கேதான் இருந்தான். ஓடவில்லை. விளக்கினான். கன்று போட்ட மாடு தன் உடம்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்குமாம். நான் கொட்டின சோறு வயிற்றைப் புளிக்க வைத்து, அது தின்பதையும் நிறுத்திவிட்டதாம். உடம்பு தேறாத மாட்டுக்குப் பருவம் எங்கிருந்து வரும்? இங்கே புல்லும் வைக்கோலும் போட்டு உடம்பு தேறினதும் தானாக வந்துவிட்டதாம்.

"இத என்னாண்ட சொல்றதுக்கு இன்னாடா?"

"சோத்த நிறுத்துன்னு மூணு வாட்டி சொன்னேன். நீ சிரிச்ச. அது செத்துகினு இருந்துச்சுணா. மலடுன்னு சொன்னாதான் நீ விடுவ."

சொன்னான்தான். சிரித்தேன்தான்.

அப்புறம் ஏன் உன் மச்சான் கொல்லைக்கு வந்தது என்று கேட்டேன். அவன் புல்லுக்கட்டை அவிழ்த்து மகாராணிக்குப் போடப் போனான்.

அன்றோடு பேச்சு நின்றது. அடுத்து வாங்கின மாட்டுக்கு ஊசி போடப் படப்பையிலிருந்து ஆளைக் கூப்பிட்டேன்.

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்களாம்.

வருவேன் சேகர். மாலையும் போடுவேன்.

பேச மாட்டேன்.