கும்பிட்ட கைகளையும் எண்ணினார்கள்

எனக்கு எண்பத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். கையெழுத்துக்கு மேல் எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

என் நாத்தனார் கைம்பெண். மதுரையில் ஒரு பஞ்சாலையில் நூல் சுற்றும் வேலை. கூலியைக் குறைத்ததற்கு எதிர்த்துப் பேசிய பெண்களை நீக்கினார்கள். அவரும் அதில் ஒருவர். ஆலை முழுவதும் வேலையை நிறுத்தியது. முதலாளியிடம் பேசப் போன கமிட்டியில் அவர் மட்டும்தான் பெண். குறைத்த கூலியில் பாதி திரும்பக் கிடைக்கும், நீக்கிய பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை உண்டு என்று பேசி முடித்து வந்தார்கள்.

அன்று மாலை வைகை மணலில் கூட்டம்; ஆலைக் குடும்பங்களோடு நானும் போயிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த தலைவர், "கமிட்டி எதுக்கு? நீங்கதான் ராசா. உங்க கை சொல்லட்டும்" என்றார். அதுவரை எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லை.

"முதலாளி வீட்டுல காப்பி குடிச்சவதான உன் நாத்தனா?" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

"குடிச்சேன். சீனி பத்தல" என்றார் நாத்தனார் திரும்பி. சிரித்தார்கள்; ஆனாலும் நம்பவில்லை.

"என்ன பேசுனோம்னு மொத வாசிக்கச் சொல்லுங்கண்ணே" என்று நாத்தனார் மேடையைப் பார்த்துக் கேட்டார்.

"வாசிச்சு வாசிச்சுத்தான் இம்புட்டு நாளும் ஏமாத்துனாங்க" என்றார் தலைவர். கைதட்டல் அடங்கவில்லை. "ஒப்பந்தம் வேணாங்கிறவங்க, அந்தா மீனாட்சி கோபுரம் சாட்சியா கையத் தூக்குங்க" என்று தெற்கே காட்டினார்.

கோபுரத்தைக் காட்டினால் எங்கள் பெண்களுக்கு இரண்டு கையும் தானாகத் தலைக்கு மேல் போய்விடும். போயின. என் இடுப்பில் பிள்ளை இருந்ததால் என் கை எழவில்லை, அவ்வளவுதான். "அவளுக கும்பிடுறாளுகண்ணே" என்று நாத்தனார் சொன்னது மேடைக்குக் கேட்கவில்லை. கும்பிட்ட கைகளையும் சேர்த்து எண்ணி, ஒப்பந்தம் தோற்றது என்றார்கள்.

முதலாளி வெளியாட்களை வைத்து ஆலையைத் திறந்தார். ஆண்கள் குறைந்த கூலிக்கே திரும்பிப் போனார்கள். நீக்கிய பெண்களில் ஒருத்தியையும் சேர்க்கவில்லை. நாத்தனார் கோரிப்பாளையத்தில் ஒரு கடைக்கு மாவாட்டப் போனார். கடைசி வரை அதுதான்.

மணலில் அன்று இருந்தவர்களே பிறகு, "இனிமே நம்மளக் கேக்கவே வேணாம், பெரியவுக பாத்துக்கிறட்டும்" என்றார்கள். நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. "கேக்கட்டும். என்னத்தக் கேக்குறோம்னு சொல்லிட்டுக் கேக்கட்டும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

எழுதியதை வாசி தாயி, கேட்கிறேன். பெண்கள் கை தூக்கினார்கள் என்று எங்கேயாவது எழுதியிருந்தால், அதை அடித்துவிட்டுக் கும்பிட்டார்கள் என்று போடு.