அன்பியத்துப் புளியங்கொட்டை

எங்கள் தெருவில் அன்பியம் என்றால், வாரம் ஒருநாள் சாயங்காலம் பெண்கள் யார் வீட்டிலாவது கூடிச் செபம் சொல்வது. அதில் முதல் பாட்டு என்னுடையது. வேறெங்கும் எனக்கு வாய் திறக்காது.

புதிதாய் வந்த பங்குச்சாமியாருக்குக் கணக்கில் பிரியம் அதிகம். எந்த அன்பியம் செழிக்கிறது, எது வாடுகிறது என்று தெரிந்தால்தானே உதவ முடியும் என்றார். எங்களில் பாதிப் பேருக்கு எழுத வராது. அதனால் வருகிறவர்கள் ஆளுக்கொரு புளியங்கொட்டையை ஊறுகாய் பாட்டிலில் போட வேண்டும். மாதக் கடைசியில் அவர் எண்ணிப் பார்த்து, கோயில் சுவரில் ஒவ்வொரு அன்பியத்துக்கும் ஒரு கலர்த்தாள் ஒட்டுவார். கொட்டை எவ்வளவோ, தாளும் அவ்வளவு உயரம்.

நடவு மாதத்தில் பாதிப் பேர் வயலிலேயே கிடந்ததால் எங்கள் தாள் சுண்டுவிரல் அளவுக்கு வந்துவிட்டது. இப்படியே போனால் எங்களை மேலத்தெரு அன்பியத்தோடு சேர்த்துவிடுவதாகச் சொன்னார். மேலத்தெருக்காரர்கள் கூடுவது மிராசுதார் வீட்டில். அவருக்கும் எங்கள் தெருவுக்கும் குத்தகை வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் கூடத்தில் உட்கார்ந்து நான் எங்கே பாடுவது?

அடுத்த மாதமே எங்கள் தாள் கிடுகிடுவென்று ஏறி மேலத்தெருவைத் தாண்டிவிட்டது. சாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பார்க்க வந்தார். அங்கே இருந்தது நாங்கள் ஏழு பேரும் ஒரு ஆடும். பாட்டிலிலோ கழுத்துவரை கொட்டை.

பாயில் கொட்டிவிட்டு விவரம் கேட்டார். அன்பியத் தலைவி என் நாத்தனார்தான். வரமுடியாதவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறோம், பூசை ஒப்புக்கொடுக்கிறோம், கொட்டை மட்டும் போடக் கூடாதா என்பது அவள் நியாயம். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இது நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் பிள்ளைபெறக் கிடப்பவளுக்கு. இது அறுப்புத் தகராறில் ஜெயிலுக்குப் போன எதிர்வீட்டுக்காரருக்கு. இது செத்துப்போன மாமியாருக்கு.

"செத்தவங்களுக்கெல்லாம் போடாதீங்கம்மா. அவங்க கணக்கை மேல தனியா பாத்துக்குவாங்க," என்றார் சாமியார்.

கடைசியில் ரெண்டு கொட்டை மிஞ்சின. நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"எங்க வீட்டுக்காரருக்கு, சாமி."

"அவருக்கா? கடவுளே இல்லன்னு மேடை போட்டுப் பேசுறவராச்சேம்மா."

"அதான் சாமி, ரெண்டா போட்டேன்."

அவர் சிரித்த சிரிப்பில் ஆடு எழுந்து வெளியே போய்விட்டது.

பிறகு ஜெயிலில் இருப்பவரைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். அந்த வாரமே அவரைப் போய்ப் பார்த்தார், ஆஸ்பத்திரிக்கும் போனார். திரும்பி வந்தபோது எங்களுக்கு இன்னொரு பாட்டில் கொடுத்தார். வந்தவர்களுக்கு ஒன்று, வராதவர்களுக்கு ஒன்று. மேலத்தெருவோடு சேர்க்கிற பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

விஷயம் என் வீட்டுக்காரரின் கட்சி மன்றம்வரை போய், அங்கே அவரை ஓட்டி எடுத்திருக்கிறார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"இப்ப என்னை எந்தப் பாட்டிலுல போடுற?"

"வராதவங்க பாட்டிலுலதாங்க."

"அப்ப சரி. கணக்கு ஒழுங்கா இருக்கணும்," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மன்றத்துக்கே திரும்பிப் போனார்.

அடுத்த கூட்டத்திலும் முதல் பாட்டு நான்தான் பாடினேன்.