மைசூருக்கு ஒருத்தி

ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் படித்த பள்ளியில் வாள்வீச்சு கிளப் என்று ஒன்று இருந்தது. பெயர்தான் பெரிது. அரங்கின் பாதி இடம், ஆறு கத்திகள், வலைபோட்ட முகமூடி ஐந்து, அதிலும் ஒன்றுக்குப் பட்டை அறுந்திருக்கும். பையன்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். பெண்கள் இரண்டே பேர், நானும் அவளும். இருவருமே பத்தாம் வகுப்பு. பையன்களோடு பெண்களை மாஸ்டர் ஆட விட மாட்டார். ஆகவே எனக்கு அவள், அவளுக்கு நான். ஒருநாள் முகமூடியை ஜீவனஹள்ளிக்கு, எங்கள் வீட்டுக்கு எடுத்துப்போனேன். சல்லடையை மாட்டிக்கொண்டு எந்த மாப்பிள்ளையைப் பார்க்கப் போகிறாய் என்று அம்மா கிண்டல் செய்தாள்.

பெரிய போட்டிகளில் கத்தி பட்டால் விளக்கு எரியும். எங்களிடம் அந்த மின்சார சமாச்சாரமெல்லாம் ஏது? அடி வாங்கியவளே கையைத் தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் சொன்னால் சொன்னதுதான், மாஸ்டரே மறுத்துப் பேச மாட்டார். சரியாகக் குத்தினால் கத்தி வளையும், குத்தியவளின் மணிக்கட்டுக்கு அது தெரிந்துவிடும். ஆக, உண்மை என்ன என்று இருவருக்குமே தெரியும்.

அவள் என்னைவிட உயரம், கையும் நீளம். பத்து ஆட்டத்தில் ஏழு அவளுக்குத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோற்ற அன்று கையுறையை வீசி எறிந்துவிட்டுப் போவேன். மறுநாள் அதே அவள்தான் வேண்டும் எனக்கு.

அந்த வருடம் மைசூரில் மாநிலப் போட்டி. பெண்களில் ஒருத்திக்குத்தான் இடம் என்றார் மாஸ்டர். இந்தத் தடவையும் எனக்குக் கிடைக்கவில்லை என்றால் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன், பேசாமல் டியூஷனில் சேர்ந்துவிடுவேன் என்று அவளிடம் கத்தினேன். வெறும் வாய்ச்சவடால் இல்லை, நிஜமாகத்தான் சொன்னேன்.

தேர்வு ஆட்டம் நாலுக்கு நாலு என்று நின்றது. மாஸ்டர் கன்னடத்தில் எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த அடி யாருடையதோ, அவள் மைசூர் போவாள். நான் பாய்ந்தேன். என் கத்தி அவளுடைய அக்குளுக்குக் கீழே, சட்டையைக்கூடத் தொடாமல் காற்றில் போனது. வளையவே இல்லை. மாஸ்டர் அவள் முதுகுப் பக்கம் நின்றிருந்தார். அவள் கையைத் தூக்கினாள்.

“பட்டுச்சு சார்.”

படவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? மைசூர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மைசூரில் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டேன். என்னைத் தோற்கடித்தவள் முகம்கூட இப்போது நினைவில்லை. நான் திரும்பி வந்த திங்கட்கிழமை அவள் எங்கள் அரங்கின் படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

“நீ செலக்ட் ஆகலைன்னா நின்னுடுவேன்னு சொன்னே. நீ நின்னுட்டா நான் யார் கூடடி ஆடறது?”

அதில் முதல் பாதிதான் என் காதில் ஏறியது. எனக்கே பிச்சை போடுகிறாயா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், எழுதக் கூசுகிறது. முகமூடியை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு அன்றைக்கே கிளப்பிலிருந்து நின்றுவிட்டேன்.

இத்தனை வருடத்தில் எனக்கு நல்ல சிநேகிதிகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று அவள் ஞாபகம் வந்துவிடும். முழங்காலை மடக்கி அவள் எதிரில் நிற்பதும், வலைக்குப் பின்னால் கேட்கும் அந்த மூச்சும். ஏங்குகிறேன், வேறென்ன சொல்ல? ஒரே ஒரு ஆட்டம் போதும். ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றாலும் சரி. எந்த ஊரில் இருக்கிறாளோ.

கிளப்பிலிருந்து நான் நின்ற மறு வாரம் டியூஷனுக்குக் கிளம்பியபோது அரங்கின் கதவு திறந்திருந்தது. பையன்கள் ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் ஓரத்தில், சுவரில் மாட்டிய மெத்தையைக் குத்திக்கொண்டிருந்தாள். குத்துவாள், பின்வாங்குவாள், மறுபடியும் குத்துவாள். என்னைப் பார்த்துவிட்டாள். முகமூடியைத் தூக்கிவிட்டு, வா என்று தலையை அசைத்தாள். பத்தடி தூரம்தான். டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டு நான் நடந்தேன்.